மூன்று நாளாக மீன் இல்லை

ஊசி மூன்று அடுக்கையும் தாண்டி அடியில் வைத்திருக்கும் விரலில் படவேண்டும், பட்டவுடன் மேலே திருப்பிவிடவேண்டும், அதுதான் இந்தத் தையல் என்று மனைவி தவமணி சொல்லிக் கொடுத்திருந்தாள். கார்த்திகையிலிருந்து அருளம்பலம் அப்படித்தான் தைத்துக்கொண்டு வந்தார். ஆனால் இந்த வியாழக்கிழமை மத்தியானம் அவர் குத்திய குத்து தையல் குத்து இல்லை. பழி தீர்க்கிற குத்து. மேலே பூப்போட்ட துணித் துண்டுகள், நடுவில் பஞ்சு, கீழே ஒரே நிறத்தில் அகலத் துணி. மூன்றும் அவருடைய மடியில் கிடந்து முழங்கால் இரண்டையும் அடுப்படியில் வைத்தமாதிரிச் சூடாக்கின. அந்தச் சூடு அவருக்கு எரிச்சலாக இருந்தது. வெளியில் விடியற்காலையிலிருந்து ஸ்னோ கொட்டுகிறது. ஏழாம் மாடி யன்னலால் பார்த்தால் கீழே நிற்கிற கார்கள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை. ஹீட்டர் ஒரு மூலையில் கிழவன் மூச்சு விடுகிறமாதிரி இரைந்தது. கதவு பூட்டி, யன்னல் பூட்டி, காலுக்குக் கம்பளிச் சப்பாத்து, பக்கத்தில் தேத்தண்ணி. யாராவது எட்டிப்பார்த்தால் கிழவனுக்கு என்ன குறை, ராசா மாதிரி இருக்கிறான் என்றுதான் சொல்லுவான். சொல்லட்டும். அவனுக்கும் ஒரு குத்து. சமூக மண்டபத்தில் பெண்கள் கூடிச் செவ்வாய்தோறும் போர்வை தைக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரருக்குக் கொடுக்கிறார்கள், என் விரல் மரத்துப்போகுது, கொஞ்சம் கை தாங்கோ என்று தவமணி கேட்டபோது, பொம்பிளையளின்ர வேலையை என்னட்டக் கொண்டுவாறியோ என்றுதான் முதலில் கத்தினார். பிறகு கை தானாகவே போயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடற்கரையில் இருந்து கிழிந்த வலை பொத்திய கை அது. இங்கே வந்து இருபத்திரண்டு வருசம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் தட்டு இழுத்த கை. நூலைக் கண்டால் சும்மா இருக்காது. போன கிழமை அந்தக் குழுவை நடத்துகிற வெள்ளைக்காரக் கிழவி அவருடைய தையலைப் படமெடுத்துக்கொண்டு போனதாகத் தவமணி சொன்னாள். அன்றைக்கு இரவு அவர் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டார். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் அவருக்குப் புழுகு ஊட்டியிருக்கிறாள்.

அரைமணித்தியாலத்துக்கு முன்னர்தான் அந்தத் துணி வில்லை கையில் அகப்பட்டது. நூல் முடிந்துவிட்டதென்று அவளுடைய தையல் பையைக் கிளறினார். அடியில், கடதாசியில் சுற்றி, நாலு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. போர்வையின் பின்மூலையில் இப்படி ஒன்று வைத்துத் தைப்பார்கள், யாருக்கு, யார் கொடுத்தது என்று. அதில் பென்சிலால் எழுதி, முதல் நாலு எழுத்துக்கு நீல நூலால் தைத்தும் விட்டிருந்தாள். அருளம்பலம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். தி, ரு, ச், சி. மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை, ஆனாலும் வாசித்தார், விரலை வைத்துக் கடைசிவரை வாசித்தார். திருச்சிற்றம்பலம் அவர்களுக்கு. அதற்குக் கீழே, அருளம்பலம், தவமணி. அவர்களுக்காம்! அவர்! இருபத்தாறு வருசமாக இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரத்துச் சொன்னதில்லை, இப்போது நூலால் தைத்து நிரந்தரமாக்கப் போகிறாள். அதோடு என்ர பேரை ஆரைக் கேட்டுப் போட்டவள்? கூடப்பிறந்த அண்ணன், நாலு பஸ் தரிப்புக்கு அங்கால் இருக்கிறான், கிட்னி பழுதாகிக் கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் கழுவுகிறான், கழுவுகிறபோது குளிரில் நடுங்குகிறானாம். இதெல்லாம் யாரோ கடையில் யாருக்கோ சொல்ல இவர் காதில் விழுந்ததுதான், இவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார். ஆனால் இரண்டு மாதமாக இவர் குனிந்து குனிந்து தைத்தது அந்த நடுக்கத்துக்காம். மடியில் கிடந்ததைப் பார்த்தார். பச்சைக் கட்டம் அவர் இடுப்பில் கட்டின பழைய சாரம். நீலம் தொழிற்சாலையில் போட்ட மேலங்கி. என்ர சாரம் அவன்ர முழங்காலில கிடக்கிறதோ? என்ர வேர்வை அவனுக்குச் சூடு குடுக்கிறதோ? அவர் ஊசியை எடுத்துக் குத்தினார். நிறுத்தியிருக்கலாம், எடுத்து எறிந்திருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் அவருடைய கைக்கு வேலை வேண்டும், பக்கத்தில் வேறு வேலை இல்லை.

அவருக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்த மண்டபம்தான் முதலில் வரும். சாமத்தியச் சடங்கு நடந்த மண்டபம். அதுவும் தை மாதம்தான், வெளியில் இப்படித்தான் ஸ்னோ. தெரிந்தவர் ஒருவரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சடங்கு. அண்ணன் வரவில்லை, தனக்குக் காய்ச்சல், நீ போட்டு வாடா என்று அனுப்பினான். ஊரை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருசம், மனிசியும் பிள்ளையும் ஊரில், அகதிக் கேஸ் விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கிறது, பயத்தில் நித்திரை இல்லாத மனிசன் அன்றைக்குக் கொஞ்சம் வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று போனார். ஆட்டிறைச்சிக் கறி. ஏழு துண்டு. எண்ணித்தான் சாப்பிட்டார், ஏனென்றால் கறி போட்ட பெடியன் போட்டுக்கொண்டே இருந்தான், சாப்பிடுங்கோ அண்ணை, வடிவாச் சாப்பிடுங்கோ என்றான், அவன் கண்ணில் ஒரு கலக்கம் இருந்தது, இவர் அதை வெங்காயம் என்று நினைத்தார். பிறகு பைலாப் பாட்டுப் போட்டார்கள். ஒருவர் இவரைப் பிடித்து இழுத்தார். ஆடினார். தோளில் சால்வையைப் போட்டு, இடுப்பை வெட்டி, கடற்கரைப் பெடியன் ஆடுகிற ஆட்டம். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், ஆனால் ஒருவரும் கூட ஆடவில்லை. அதை அப்போது கவனிக்கவில்லை. கவனிக்கவில்லையே! வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்தான். அம்மா செத்து அன்றைக்கு ஐந்தாம் நாள். ஊரில் தீ மூட்டி, சாம்பல் அள்ளிக் கடலில் கரைத்தாயிற்று. அந்த மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் தெரியும். பாயாசம் ஊற்றின மனிசிக்குத் தெரியும். சடங்குப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆடினவனுக்குத் தெரியாது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, தாய் செத்த மகன் பைலா ஆடினான். இப்போதும் எங்காவது ஒரு வீட்டு அலுமாரியில் அந்தக் கசெட் கிடக்கும். பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது கிட்ட வரும், தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவாள், இவர் ஆர் அம்மா, நல்லா ஆடுறார் என்று அதுகள் கேட்கும். ஊசி விரலில் ஏறிவிட்டது. அவர் விரலை வாயில் வைத்தார். பச்சைக் கட்டத்தில் ஒரு பொட்டு இரத்தம். நல்லது. அவனுக்கு அதையும் போர்க்கட்டும்.

மறைத்தது அண்ணன். அவன்தான் ஊரிலிருந்து வந்த போனை எடுத்தவன். விசாரணை முடியுமட்டும் அருளனுக்குச் சொல்லக்கூடாது என்று வீடு வீடாகப் போன் பண்ணிச் சட்டம் போட்டவன். அழுத கண்ணோடு போய் நின்றால் அவன் கதையைக் குழப்பிப்போடுவான், திகதியை மாறிச் சொல்லுவான், கேஸ் தள்ளுபடியானால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் என்று லோயரும் சொன்னாராம். சரி. அந்த நியாயம் அருளம்பலத்துக்கு விளங்காமல் இல்லை. விளங்குவதுதான் பிரச்சினை. விளங்காவிட்டால் திட்டி முடித்திருக்கலாம். அவருக்குத் தொண்டையில் நிற்பது வேறு. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்குக் கடைசி மகன். அவர் கடைசி. ஊரில் போய் நிற்க வழியில்லை, சரி, ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வைத்தான். ஆனால் இங்கேயாவது குளித்து, முடி இறக்கி, உப்பில்லாமல் சாப்பிட்டு, தரையில் படுத்து ஒரு மூலையில் அழுதிருக்கலாமே? அதைச் செய்தவன் அண்ணன். என்ர மொட்டையை அவன் அடிச்சான். அந்தப் பத்து நாளும் அவன் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தான். மீசையையும் காணவில்லை. என்ன அண்ணை, தலையில என்ன முட்டையோ அடைகாக்கிறாய் என்று இவர் கேட்டார். தலைச்சளி என்றான். மீசையும் சளியில கரைஞ்சு போச்சோ என்றார். வேலைத்தலத்தில எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள் என்றான். மீசையில்லாமல் பார்க்க மூக்குப் பெரிசாகி ஒரு பகிடியாக இருந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அண்ணன் அப்படியே நின்றான். தாய் செத்தது வாய்க்குள் இருக்க, தம்பி சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு, தானும் கொஞ்சம் சிரிக்கிறமாதிரி உதட்டை இழுத்துக்கொண்டு நின்றான். இந்த இடத்துக்கு வந்தால் அருளம்பலத்துக்கு எப்போதும் ஒரு தடக்கு வரும். கோபம் நேராகப் போய்க்கொண்டிருக்கும், அந்த மீசையில்லாத முகத்தில் இடறும். அவர் ஒரு போதும் அந்த முகத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. உடனே மண்டபத்துக்குத் திரும்பிவிடுவார். மண்டபத்தில் கோபத்துக்குக் குறைவில்லை.

விசாரணை வென்றது. நல்ல வெற்றி. திகதி ஒன்றும் மாறவில்லை. மொழிபெயர்த்த பெண்பிள்ளை கை கொடுத்தாள். கீழே இறங்கிக் கார் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அண்ணன் தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தலையில் ஸ்னோ விழுந்தது. அருளா, அம்மா போட்டா, இண்டைக்குப் பத்து நாள் என்றான். இவருக்கு முதலில் அம்மா வரவில்லை. அம்மா வருவதற்கு முதல், ஆடின ஆட்டம் வந்தது. அவன் அம்மாவைக்கூட ஒழுங்காகத் தரவில்லை, அழுக்காக்கித்தான் தந்தான். இனி நீ எனக்கு ஆருமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்னோவுக்குள் நடந்தார், ஏழு எட்டு மைல் நடந்திருப்பார், கால்விரல் மரத்து ஒரு நகம் கறுத்து விழுந்தது. அன்றைக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. கல்யாண வீடென்றால் அவன் எத்தனை மணிக்கு வருகிறான் என்று மற்றவர்கள் கேட்டு வைத்து இவருக்கு வேறு நேரம் சொல்லுவார்கள். தவமணி மட்டும் என்ன திறமோ? அவள் அப்போது ஊரில், செத்தவீட்டில் நின்றவள், மாமிக்குத் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி சொன்னவள். மூன்றாம் நாள் இவர் போன் எடுத்து அம்மாவிடம் கொடு என்றபோது, மாமி படுத்திருக்கிறா என்றாள். படுத்திருக்கிறாவாம்! ஆனால் அவளைப் பிறகு மன்னித்தாயிற்று. சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே, அவள் என்ன செய்வாள். ஆனால் வாயைத் திறந்து பொய் சொன்னவள் அவள்தானே. ஆனால் அவளோடு கோபித்தால் ஆர் சமைப்பது? அருளம்பலத்துக்கே அந்த நினைப்பு அசிங்கமாக இருந்தது. மன்னிக்க வசதியானவர்களை மன்னித்துப் போட்டு, மிச்சம் எல்லாவற்றையும் ஒருத்தன் தலையில் கட்டி வைத்திருக்கிறேனோ? இல்லை. அவன் அண்ணன். கட்ட வேண்டிய தலை அதுதான்.

பிரிக்கலாம் என்று அப்போதுதான் எண்ணம் வந்தது. தைத்தது நான், பிரிக்கிற உரிமையும் எனக்குத்தான். தையல் வெட்டுகிற சின்னக் கொளுவிக் கத்தியை எடுத்து ஒரு வரிசையைப் பிரித்தார். டிக், டிக் என்று நூல் அறுந்தது, நல்ல சுகமாக இருந்தது. ஆனால் நூல் போன பிறகும் துணியில் ஊசி போன ஓட்டைகள் ஒரே சீராக நின்றன, வரிசை இல்லாமலே வரிசை தெரிந்தது. அடுத்த வரிசைக்குக் கத்தியை வைத்தார். இது போன கிழமை படமெடுத்த வரிசை. கை நின்றது. பசியாலாக்கும் என்று எழும்பினார். மடியிலிருந்து போர்வை வழுகின உடனே முழங்காலில் குளிர் ஏறியது. தவமணி பதினொரு மணிக்கு வெளிக்கிட்டவள், கரை அடிக்கத் துணி எடுக்க மண்டபத்துக்குப் போறன், மூண்டு மணிக்குள்ள வந்திடுவன், நீங்கள் நடுப்பக்கத்தை இண்டைக்கு முடிச்சுப்போடுங்கோ, நாளைக்குக் குடுக்கவேணும் என்று சொல்லிக்கொண்டே சப்பாத்து மாட்டினாள். ஸ்னோவில விழுந்து இடுப்பை முறிச்சுக்கொண்டு வந்தால் நான் பாக்கமாட்டன் என்றார். நீங்கள் எப்ப பாத்தனீங்கள் என்றுவிட்டுப் போனாள். சட்டியைத் திறந்தார். பருப்பு. அடுத்ததைத் திறந்தார். பீட்ரூட். அடுத்தது கத்தரிக்காய்க் குழம்பு. பிரிட்ஜைத் திறந்து பார்த்தார், தயிர் இருந்தது. நேற்று என்ன? நேற்றும் பருப்பு, பூசணிக்காய். முந்தநாள்? கடலைக் குழம்பு. அருளம்பலம் பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக மீன் இல்லை. இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாமல் ஒரு நாள் போகாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்க்கடையில் விளைமீன் வாங்கி வெட்டுவித்துக் கொண்டு வந்தது இவர் கண்ணாலே கண்டது. ஐஸ் கட்டி பிடிக்கிற பெட்டியைத் திறந்தார். மீன் இல்லை. மீன் எங்கே? யாராவது செத்தால்தான் மீன் இருக்காது. துடக்கு.

பிரிட்ஜ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அவர் கதவை மூடவில்லை. செவ்வாய்க்கிழமை காலமை போன் அடித்தது, அவள் எடுத்துக்கொண்டு குளிக்கிற அறைக்குள் போனாள், தண்ணீரைத் திறந்துவிட்டாள். அன்றைக்கு அண்ணி திறந்தமாதிரி. அன்று பின்னேரம் கோவிலுக்குப் போவதாக இருந்தவள் போகவில்லை, ஸ்னோவுக்குள்ள எப்பிடிப் போறது என்றாள். அப்ப மண்டபத்துக்கு மட்டும் மூண்டு நாளும் என்ன ஸ்னோ விலத்தி வழி விட்டதோ? துடக்குக்காரர் கோவிலுக்குப் போகக்கூடாது. மண்டபத்துக்குப் போகலாம். நாளைக்குக் குடுக்கவேணும், நாளைக்குக் குடுக்கவேணும் என்று இரண்டு நாளாக என்ன அந்தரம், என்ன அவசரம்? இரண்டு மாதமாக ஆறுதலாகத் தைத்ததை நாளைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வெள்ளி, சனியில்தான் இங்கே பெட்டியில் வைத்து எல்லாரையும் பார்க்க விடுவார்கள். பெட்டிக்குள் வைத்து நெஞ்சுவரை ஒன்றைப் போர்ப்பார்கள். அருளம்பலம் திரும்பிப் பார்த்தார். கதிரையில் கிடந்த போர்வை ஒரு ஆள் குந்தியிருக்கிற மாதிரிக் குவிந்து கிடந்தது. என்னைக் கொண்டு தைப்பிக்கிறாளோ? எனக்குச் சொல்லாமல், என்ர கையாலயே? விடியத்தான் முட்டை பொரித்துச் சாப்பிட்டார். இரண்டு முட்டை. திரும்பவும் அதேதான். திரும்பவும் இருநூறு பேருக்குத் தெரியும், ஒருத்தனுக்குத் தெரியாது. போனை எடுத்து மகள் சுகிர்தாவுக்கு அடித்தார். அவள் ஒட்டாவாவில் வேலை.

"என்னப்பா, வேலையில நிக்கிறன். அவசரமோ?"

"இல்லை. சும்மா. அங்க ஸ்னோவோ?"

"இஞ்சயும்தான். அம்மா வெளியில போட்டாவே?"

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவதான் காலமை சொன்னவ. ஏன், என்ன?"

"எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையே?"

மகளின் பக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ஏன்ப்பா அப்பிடிக் கேக்கிறீங்கள்? ஆரும் என்னவும் சொன்னவையே?"

"ஆர் என்ன சொல்லவேணும்?"

"ஒண்டுமில்லையப்பா. அம்மா வரட்டும். சாப்பிட்டிட்டுப் படுங்கோ."

சாப்பிட்டிட்டுப் படுங்கோ. வடிவாச் சாப்பிடுங்கோ. எல்லாரும் இவரைச் சாப்பிடவைத்தே மறைக்கிறார்கள். அவர் குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டார். குளிர்ந்த தரை. செத்துப்போனான். மூன்று நாளாகச் செத்துப்போய்க் கிடக்கிறான். எழுபத்தைந்து வயது, செத்தால் என்ன? ஆருமில்லை என்று சொன்னபிறகு செத்தால் என்ன, இருந்தால் என்ன? இரண்டு வருசத்துக்கு முதல் அண்ணி செத்தபோது போனாரா? போகவில்லை. தவமணி அழுதழுது கூப்பிட்டாள், கல்லுமாதிரி இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு முப்பத்தொரு நாளும் மீனைத் தொடவில்லை, வயிற்றுக்குச் சரியில்லை என்றார், முட்டைகூட வேண்டாம் என்றார். தவமணி ஒன்றும் கேட்கவில்லை, சோற்றுக்குப் பருப்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோபம் என்பது வேறு, துடக்கு என்பது வேறு. கோபத்தில் இரத்தம் அறுந்து போகாது. அதுதானே அவனிடம் கேட்க வேண்டியது. இருபத்தாறு வருசமாக ஒவ்வொரு நாளும் குளிக்கும்போதும், பஸ்சுக்கு நிற்கும்போதும், பாண் தட்டு இழுக்கும்போதும், அவனிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி அடுக்கி வைத்திருக்கிறார். நல்ல நல்ல சொல்லெல்லாம் வைத்திருக்கிறார், மனுசன் கேட்டால் நாண்டு கொண்டு சாகிறமாதிரிச் சொல். எங்காவது ஒரு வாசலில், ஒரு கல்யாணவீட்டுப் படியில், ஒரு நாள் நேருக்கு நேர் வருவான், அன்றைக்கு விளங்கப்படுத்துவேன் என்று நினைத்து வைத்தது. அவனும் ஒரு நாள் வருவான் என்றுதான் இவ்வளவு காலமும் இவர் கோபமாக இருந்திருக்கிறார். அவன் செத்தால் இதையெல்லாம் யாருக்குச் சொல்லுவது? பெட்டிக்குள் கிடப்பவனுக்கா? அவன் அதற்கும் பேசாமல் கிடப்பான். மீசை வைத்திருப்பானோ? நரைத்திருக்கும். எவ்வளவு நரை என்று இவருக்குத் தெரியாது. ஏமாத்திப்போட்டான். இரண்டாம் தரமும் ஏமாத்திப்போட்டான். கள்ளன்.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. அதில் ஒரு பொத்தானை அமத்தினால் முந்தி எடுத்த இலக்கங்கள் வரும், மகள் காட்டிக் கொடுத்தது. சுகிர்தாவின் இலக்கம். அடுத்தது தெரியாத இலக்கம். அடுத்ததும் அதே. ஒரு நாளைக்கு இரண்டு தரம், மூன்று தரம், ஒரே இலக்கம். பின்னால் போகப்போக அதுதான் வந்துகொண்டிருந்தது. யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் இப்போது யார் எடுப்பார்கள்? அவனுடைய பிள்ளைகள் வந்து நிற்பார்கள், பெரியவள் எடுப்பாள், சித்தப்பா என்று குழறுவாள், இல்லை, சித்தப்பா என்று சொல்லமாட்டாள், நான் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவன், இப்போது முகம் தெரியாது. அவர் தரையில் இருந்தபடியே அமத்தினார். அடித்தது. திரும்பவும் அடித்தது. வெளியில் எங்கோ தெருவில் உப்புப் போடுகிற லொறி உறுமிக்கொண்டு போயிற்று. ஆறாம் தரமோ ஏழாம் தரமோ, யாரோ எடுத்தார்கள். பின்னால் ரிவிப் பெட்டி கத்தியது.

"ஹலோ."

மெலிந்த குரல். உடைந்த குரல். ஆனால் ஹலோவை அப்படி இழுக்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். அருளம்பலம் போனைக் காதோடு அமத்தினார்.

"ஹலோ, ஆரது?"

"நான்."

ரிவிச் சத்தம் நின்றது.

"அருளனோ?"

"ம்."

"ஆர் செத்தது?"

அருளம்பலத்துக்கு விளங்கவில்லை.

"மறைக்காத, சொல்லு. தவமணியோ? அவள் இஞ்சயிருந்து வெளிக்கிட்டு அரை மணித்தியாலம். ரோட்டெல்லாம் வழுக்குது, நில்லடி பிள்ளை எண்டு சொன்னனான், கேக்கேல்லை. என்ன நடந்தது? நான் தாங்குவன், நீ சொல்லு."

"அவள் அங்கயோ வந்தவள்?"

"மூண்டு நாளா வாறாள். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்திட்டுச் செவ்வாய்தான் வீட்டை வந்தனான். சோறும் மீன்கறியும் கொண்டுவந்து தந்திட்டுப் போறாள். உனக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன். அருளா, அவளுக்கு என்ன?"

"என்ர மீனோ!" என்று அருளம்பலம் கத்தினார். எப்படி எழும்பினார் என்று தெரியாது, குசினி நடுவில் நின்றார். "என்ர மீனை நீயோ இருந்து தின்னிறாய்? இஞ்ச நான் நீ செத்துப்போனாய் எண்டு தரையில இருக்கிறன்! ஒருத்தரும் சாகேல்லை! ஒரு நாயும் சாகேல்லை!"

மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது, இருமலோ வேறு எதுவோ. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. வாய் திறந்துவிட்டது. அடுக்கி வைத்த ஒழுங்கில் ஒன்றும் வரவில்லை. மண்டபம் முதலில் வர வேண்டியது கடைசியில் வந்தது, விழுந்த நகம் முதலில் வந்தது. நாண்டு கொண்டு சாகிறமாதிரிச் சேர்த்து வைத்த சொல் ஒன்றையும் காணவில்லை, வந்ததெல்லாம் சின்னப்பிள்ளைச் சொல். என்னை ஏன்ரா ஆடவிட்டனி என்றார். அவ எனக்கும்தானே அம்மா என்றார். நான்தானே கடைசி, என்னட்டைக் கேக்காமல் நீ ஆர் முடி இறக்க என்றார். எனக்குச் சேரவேண்டிய அழுகையை நீ தனிய இருந்து அழுதிட்டாய், இருபத்தாறு வருசமா எனக்கு ஒழுங்கா ஒருக்கா அழ முடியேல்லை தெரியுமோ, கள்ளன், மகா கள்ளன் என்றார். மேல்வீட்டுக்காரன் தரையில் தட்டினான். தட்டடா, நல்லாத் தட்டு என்று அவனுக்கும் ஒன்று கொடுத்தார். பிரிட்ஜ் கீ கீ என்று கத்திக்கொண்டே நின்றது. இடையில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் மறுபக்கத்தில் ஒரு "ம்" கேட்டது. மறுப்பு இல்லை, நியாயம் இல்லை, லோயர் இல்லை. "ம்." பேசாமல் கிடக்கிற "ம்" இல்லை அது. கேட்டுக்கொண்டிருக்கிற "ம்."

கடைசியில் அருளம்பலம் கத்தி ஓய்ந்தார். இன்னும் பாதிக்கு மேல் சொல்லவில்லை. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அருளா," என்றான் அண்ணன். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் அவனுக்கும் மூச்சு நின்று நின்று வந்தது. "வைச்சிடாத. எனக்கு இப்ப கொஞ்சம் களைக்குது. அதுதான். நாளைக்கு வெள்ளி, ஆஸ்பத்திரி. திங்கள், புதன், வெள்ளி அங்கதான் கிடப்பன். செவ்வாய், வியாழன், சனி வீட்டில. அந்த நாளில எடுத்து ஏசு."

"ஏசாமல் விடுவனெண்டு நினைச்சியோ?"

"இல்லையடா. ஆனால் ஒரேயடியா ஏசி முடிச்சுப்போடாத. கொஞ்சம் கொஞ்சமா ஏசு."

அருளம்பலம் புறங்கையால் மூக்கைத் துடைத்தார். நாளை வெள்ளி. நாளை மறுநாள் சனி.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று உறுமினார்.